அச்சு அசலாக ஒரு பலகை

"இதே மாதிரி இன்னொண்ணு வேணும்ணே. பன்னெண்டே நாள்தான் இருக்கு."

கொண்டுவந்த இரண்டு துண்டுகளையும் அவள் தச்சரின் மேசைமேல் வைத்தாள். முழுசாக இருந்தவரை அது ஒரு மர அலைச்சறுக்குப் பலகை. இப்போது இரண்டு பாதி. உடைந்த இடத்தில் உள்கூட்டின் சட்டங்கள் மீன்முள் போலத் துருத்திக்கொண்டிருந்தன.

தச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். உடைந்த விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"எப்படிம்மா இப்படி ஆச்சு?"

"காரைப் பின்னால எடுத்தேன். சுவத்துல சாத்தி வெச்சிருந்தது சரிஞ்சு கீழ கெடந்திருக்கு. நான் பாக்கலை."

"வீட்டுக்காரர் திட்டுவாரா?"

"திட்டினாக்கூடத் தேவலையே. அவர் கப்பல்ல வேலை பாக்கறார். அடுத்த வெள்ளிக்கிழமைக்கு மறு வெள்ளி வந்துடுவார். இது அவரே தன் கையால செஞ்சதுண்ணே."

தச்சர் நிமிர்ந்தார். "அப்படியா?"

"யாரும் நம்ப மாட்டாங்க. ஆணி அடிக்கச் சொன்னா கட்டைவிரலை அடிச்சுக்கற மனுஷன் அவர்."

சொல்ல ஆரம்பித்தால் அவளுக்கு நிறுத்தத் தெரியாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் கணவர் வேலையில்லாமல் வீட்டோடு கிடந்த சமயம். இவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "உருப்படியா ஒரு காரியம் செய்யத் தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டாள். மறுநாளே அவர் மரம் வாங்கிவந்து கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். முடிகிறவரை யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று கட்டளை வேறு. ஆறு மாதம் ரம்பச் சத்தம், சுத்தியல் சத்தம். ஒருநாள் காலையில் கதவு திறந்தது. உள்ளே பளபளவென்று இந்தப் பலகை நின்றது.

அதற்குப் பிறகு அவரை ஒரு சொல் குறைத்துப் பேசியதில்லை. அக்கம்பக்கம், நாத்தனார் வீடு என்று ஒருவர் பாக்கியில்லாமல் கூட்டிவந்து காட்டினாள்.

"அன்னிக்கு நான் கேட்ட கேள்விக்கு அவர் சொன்ன பதில்ணே இது. போயிடுச்சுன்னு தெரிஞ்சா மனுஷன் இடிஞ்சு போயிடுவார். அவருக்குத் தெரியவே கூடாது."

"என் வாயால ஒரு வார்த்தை வராதும்மா" என்றார் தச்சர், அழுத்தமாக.

"இன்னொண்ணு. நீங்க தப்பா நெனைக்கக் கூடாது. தொழில்காரங்க செய்யறது மெஷின்ல செஞ்ச மாதிரி இருக்கும். இதுல ஒரு உசிரு இருக்கு பாருங்க. உங்களால முடியுமா?"

தச்சருக்கு இருமல் வந்துவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு, "முயற்சி பண்றேன்ம்மா" என்றார்.

"இந்தச் செவப்புப் பட்டை ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் அகலமா இருக்கு. பாவம், கை தவறிட்டார். அதையும் அப்படியே வெச்சிடுங்க."

"அது தவறினது இல்லம்மா. காலை ஊனி நிக்கற பக்கம் பலம் வேணும்னு..." என்று வேகமாக ஆரம்பித்தவர் சட்டென்று குரலை இறக்கினார். "தெரிஞ்சே செஞ்சிருப்பார். நல்ல கை."

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் அவர் துண்டுகளை ஓரமாகச் சாய்த்துவிட்டு, டேப்பைக்கூட எடுக்காமல் சிட்டையில் எண்களை எழுதத் தொடங்கியதும் பதறிப்போய்க் கேட்டாள்.

"அளவு எடுக்கலையாண்ணே?"

"பாத்துட்டேன்மா. போயிட்டு வாங்க."

நம்பி வீட்டில் உட்கார முடியுமா? தினமும் வந்து நின்றாள். உள்கூடு எழும்பியது. மெல்லிய பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி, கிடுக்கிகளில் இறுக்கப்பட்டுக் காய்ந்தன. இழைப்புளி ஓடி ஓரங்கள் வளைந்தன. அப்புறம் உப்புத்தாள், மறுபடி உப்புத்தாள், அதன்மேல் மெருகு. "வால்பக்கம் இன்னும் கொஞ்சம் மெலிசு" என்று அவள் யோசனை சொல்ல, அவரும் பொறுமையாகத் தலையாட்டினார். யோசனையைக் கேட்டதாகத் தெரியவில்லை. ஆனாலும் வியாழக்கிழமை பலகையைப் பார்த்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மயிரிழை வித்தியாசம் இல்லை.

வெள்ளிக்கிழமை கணவர் வந்தார். சாப்பிட்டுவிட்டு நேரே கொட்டகைக்குப் போனார். அவள் பின்னாலேயே போனாள்.

அவர் பலகையைத் தூக்கி, ஒரு கண்ணை மூடி ஓரத்தைப் பார்த்தார். சிவப்புப் பட்டைமேல் விரலை ஓட்டினார். முனையைத் தடவியவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. இங்க ஒரு கீறல் இருந்துச்சு. பாறையில உரசினது. காணோம்."

அவ்வளவுதான், அவளால் தாங்க முடியவில்லை.

"என்னை மன்னிச்சிடுங்க. கார் ஏத்தி நான்தான் உடைச்சிட்டேன். இது கடற்கரை ரோட்டுல இருக்கற தச்சர் செஞ்சது. உங்க கையால, ஆறு மாசம் ராப்பகலா நீங்க செஞ்சதை நான் நாசம் பண்ணிட்டேங்க."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள். அவர் பலகையை மெதுவாகச் சுவரில் சாத்தினார். முக்காலியில் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"அழாதே" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "பழசையும் அவர்தான் செஞ்சார்."