சுணை

மணி மூன்று. ரியாத்தில் என் வீட்டுக்காரர் ஜும்மா தொழுதுவிட்டு அறைக்கு வந்ததும் வீடியோ கால் போடுவார். அதற்குள் இந்தக் காரைக் கழுவியாக வேண்டும்.

கழுவுவது பெரிதில்லை. கீறல் விழாமல் கழுவ வேண்டும்.

கறுப்பு வண்டிதான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கி நிறுத்திவிட்டு மனுஷன் விமானம் ஏறிவிட்டார். கறுப்பில் தூசு தெரியும், காய்ந்த தண்ணீர்ச் சொட்டு தெரியும், கோழி றெக்கை உரசினால் அதுவும் தெரியும். வெள்ளிக்கிழமைதோறும் நான் போனைப் பிடித்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்று சுற்றிக் காட்ட வேண்டும். நான் சாப்பிட்டேனா என்ற கேள்வியெல்லாம் அதற்கப்புறம்தான்.

அவரைப் பொறுத்தவரை வண்டி ஷெட்டில் நிற்கிறது. வாரத்துக்கு ஒருமுறை நான் ஸ்டார்ட் செய்து அணைக்கிறேன்.

வண்டி தினமும் தஞ்சாவூர் போய் வருகிறது. இன்றோடு பத்தொன்பது தடவை. ஓட்டுவது நான்.

எதற்குப் போகிறேன் என்பது அவருக்குத் தெரியவே கூடாது. கையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன். இன்னும் ஆறு தடவை போய் வந்தால் முடிந்துவிடும். வீடு ஊரைத் தாண்டி வயலோரத்தில் இருப்பதால் சேதி சொல்ல ஆளில்லை. என்னைக் காட்டிக்கொடுப்பதென்றால் பெயிண்ட்தான் காட்டிக்கொடுக்க வேண்டும். ஷெட்டில் நிற்கிற வண்டிக்குக் கீறல் எங்கிருந்து வரும்?

தை மாதம், வழியெல்லாம் அறுவடை. பாதி ரோட்டில் நெல் காய்கிறது, மீதி ரோட்டில் வைக்கோல் கிடக்கிறது. அறுவடை மிஷின் ஊதித் தள்ளுகிற நெல் சுணை மொத்தமும் வண்டி மேல் வந்து அப்பிக்கொள்கிறது. கழுத்தில் பட்டால் விடிய விடியச் சொறிய வைக்கிற சாமான் அது. காய்ந்த துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி ஆகிவிடும்.

வந்ததும் வீட்டுக்குள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வெளியே ஓடிவந்தேன். வண்டியின் கூரையிலிருந்து ஆரம்பித்துத் தண்ணீர் பாய்ச்சினேன். கை வைக்காமல் ஊற விட வேண்டும், சுணை தானாகக் கழன்று ஓட வேண்டும்.

அப்புறம் இரண்டு வாளி. ஒன்றில் ஷாம்பூ, மற்றதில் வெறும் தண்ணீர். ஒவ்வொரு இழுப்புக்கும் துணியை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பூவில் முக்க வேண்டும். வட்டமாகத் தேய்க்கக் கூடாது. கீழே விழுந்த துணியைத் திரும்பத் தொடவே கூடாது. எல்லாம் அவர் வாய்ஸ் மெசேஜில் ஓதிக்கொடுத்த பாடம். என் முகத்தைக்கூட மனுஷன் இத்தனை பதமாகத் தொட்டதில்லை.

கண்ணாடிகளை மட்டும் இரண்டு தடவை துடைத்தேன். கண்ணாடி பளிச்சென்று இருந்தால் வண்டியே புதுசாகத் தெரியும்.

பானெட் ஒன்றுதான் பாக்கி. குனிந்து துணியை அலசிக்கொண்டிருந்தேன். பக்கத்து வயல் துரைக்கண்ணு அண்ணன் குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்தார்.

“நவுருங்க தங்கச்சி, ஒத்த ஆளா எவ்வளவுதான் செய்வீங்க.”

நான் நிமிர்வதற்குள் தோளில் கிடந்த துண்டால் பானெட்டின் குறுக்கே ஒரு இழுப்பு இழுத்துவிட்டார். காலையிலிருந்து வைக்கோல் கட்டுச் சுமந்த தோள். அந்தத் துண்டில் இருந்தது பூராவும் சுணை.

மூன்று கோடுகள். மயிரிழை அளவுதான், ஆனால் வெயிலில் வெள்ளையாக மின்னின.

உதவ வந்தவரை என்ன சொல்வது. தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். அவர் வரப்பில் இறங்கியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தடவிப் பார்த்தேன். கோடுகள் போகவில்லை.

போன் அடித்தது.

பானெட் பக்கமே போகாமல் வண்டியின் இடது பக்கம் வந்து நின்றேன். பின் கதவில் ஆரம்பித்து மெதுவாகக் காட்டிக்கொண்டே வந்தேன். முன் கதவோடு நிறுத்திக்கொண்டு வெயில் கண்ணைக் கூசுகிறது என்று சொல்லிவிடலாம்.

“மாஷா அல்லாஹ், நல்லா வச்சிருக்கியே” என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்புறம் படம் அசையவில்லை. நெட் நின்றுவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். அவர் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் திரும்பிப் பார்த்தேன்.

இரண்டு தடவை துடைத்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம், முன் சீட் முழுசாகச் சாய்ந்து கிடந்தது. அதில் ஒரு தலையணை. தலையணை மேல் மாமியாரின் வெள்ளைத் துப்பட்டி, தஸ்பீஹ் மணி, வாந்தி வந்தால் பிடிக்கிற பிளாஸ்டிக் சட்டி. கேன்சர் ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்துத் துவண்டுபோனவரைத் தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்கவைத்த அவசரத்தில் நான் எதையுமே எடுக்கவில்லை. தெரிந்தால் பிள்ளை அன்றைக்கே வேலையை விட்டுவிட்டு ஓடிவந்துவிடும் என்றுதான் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். பத்தொன்பது தடவையும் நான் பெயிண்ட்டை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

“நஜ்மா” என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. “உம்மாவுக்கு என்ன?”

ஷெட்டை ஒட்டிய ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே கட்டிலிலிருந்து மாமி, இருக்கிற தெம்பையெல்லாம் சேர்த்து, போனுக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

“காரப் பாத்துட்டானா புள்ள? கீறல் ஒண்ணும் தெரியலல்ல?”