தட்டுச் சத்தம்

எவர்சில்வர் தட்டில் கரண்டியால் ஓங்கித் தட்டினார் சுந்தர்ராஜ்.

கொட்டகைக்குள் சுருண்டு கிடந்த நான்கு குட்டிகளும் எழுந்து முற்றத்துக்கு ஓடிவந்தன. நான்கும் வெள்ளை. நான்குக்கும் ரோஜா நிற மூக்கு. அசல் ராஜபாளையம் அப்படித்தான் இருக்கும்.

நாய்க்குட்டி வாங்கக் கணவனோடு வந்திருந்தவளின் மகள் தாரணி குட்டிகளைப் பிடிக்க ஓடினாள். பின்னாலேயே தம்பி சரணும் தத்தக்கா பித்தக்கா என்று ஓடினான். அவனுக்கு வருகிற மாசியில் இரண்டு வயது.

எல்லாவற்றுக்கும் காது நன்றாகக் கேட்கிறது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் சுந்தர்ராஜ். அவருடைய அப்பா காலத்திலிருந்தே குட்டிகளை இப்படித்தான் தட்டிக் காட்டி விற்கிறார்களாம்.

அவள் சிரித்துக்கொண்டாள்.

இந்த வித்தை அவளிடம் பலிக்காது.

கணவன் முதலில் பக் நாய் கேட்டான். அந்தச் சப்பை மூக்கை வைத்துக்கொண்டு சாத்தூர் வெயிலில் அது எப்படி மூச்சுவிடும் என்று கேட்டு அந்தப் பேச்சை முடித்தாள். பிறகு லாப்ரடார் என்றான். அந்த இனத்துக்கு இடுப்பு மூட்டு பிசகும் என்று தாய் நாயின் இடுப்பு எக்ஸ்ரேயை அனுப்பச் சொன்னாள். விற்பவர் போனை வைத்துவிட்டார். நம் ஊர் நாயே போதும் என்று கடைசியில் முடிவு செய்ததும் அவள்தான். பிள்ளைகளோடு சேர்ந்து வளரப்போகிற ஜீவன். பார்க்க அழகாக இருக்கிறது என்று தூக்கிக்கொண்டு வந்துவிட முடியுமா?

தூய வெள்ளைக் குட்டிகளில் சில காது கேளாமலே பிறக்கும். அதையும் படித்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

கூட்டத்தோடு பார்த்தால் அது தெரியாது. மூன்று எழுந்தால் நான்காவதும் எழும். அதற்குச் சத்தம் வேண்டாம், உடன்பிறந்தவை ஓடினால் போதும்.

கதவைச் சாத்திவிட்டு ஒவ்வொன்றாகக் கொண்டுவாருங்கள் என்றாள்.

சுந்தர்ராஜ் அவள் கணவனைப் பார்த்தார். கணவன் வேப்பமரத்தைப் பார்த்தான்.

முதல் குட்டியை முற்றத்தில் விட்டார்கள். அவள் தட்டை வாங்கிக்கொண்டு, அது முதுகைக் காட்டும்வரை காத்திருந்து தட்டினாள்.

திரும்பியது.

இரண்டாவதும் திரும்பியது. மூன்றாவது திரும்பியதோடு நிற்காமல் வந்து அவள் செருப்பைக் கவ்வியது.

நான்காவதுதான் இருப்பதிலேயே அழகு. வந்ததும் கணவன் கைநீட்டிக் காட்டியது அதைத்தான்.

தட்டினாள்.

அது தரையில் ஓர் எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இன்னும் ஓங்கித் தட்டினாள். கூரையிலிருந்த புறாக்கள் பறந்தன. கேட்டருகே நின்ற தாரணி காதைப் பொத்திக்கொண்டாள்.

எறும்பு நகர்ந்தது. குட்டியும் அதன் பின்னால் நகர்ந்தது.

"வெளாட்டு மும்முரம் தங்கச்சி. கவனம் அங்க இருக்கு," என்றார் சுந்தர்ராஜ்.

"அதுக்குக் காது கேக்கலண்ணே." அவள் குரலில் கோபம் இல்லை. "கேக்கலைன்னா ஒண்ணும் குடி முழுகிப் போயிராது. கையைக் காட்டியே பழக்கிரலாம். ஆனா தெரிஞ்சு வளக்கணும்."

அவர் முகம் சுண்டிவிட்டது. குட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் மற்றவற்றோடு விட்டார். கணவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

செருப்பைக் கவ்விய குட்டி என்று முடிவாயிற்று. அவளுக்கும் தன்மேல் கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது.

தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது சரணைப் பார்த்தாள்.

மதிலோரம் மணல் குவியலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். தேங்காய்ச் சிரட்டையில் மணலை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். குட்டிகளை உள்ளே விட்டுச் சாத்தியதிலிருந்து அங்கேதான் இருக்கிறான்.

இத்தனை சத்தத்துக்கும் அவன் திரும்பிய ஞாபகம் அவளுக்கு இல்லை.

"தொரை வெளாட்டு மும்முரத்துல இருக்காரு," என்று கணவன் சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை.

சரணுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. ஆண் பிள்ளைகளுக்குத் தாமதமாகத்தான் வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் தலையாட்டினாள். மற்றபடி அவனுக்கு என்ன குறை? சாப்பிடக் கூப்பிட்டால் வருவான். காலிங் பெல் அடித்தால் ஓடுவான். அப்பாவின் பைக் வந்து நின்றால் வாசலுக்குப் பறப்பான்.

தாரணிக்குப் பின்னால்.

எப்போதும் தாரணிக்குப் பின்னால்.



தாரணியைக் கூட்டிக்கொண்டு காரில் போய் உட்காருங்கள் என்றாள் கணவனிடம். ஏன் என்று வாயெடுத்தவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனான்.

அவள் மணல் குவியலுக்குப் பின்னால் வந்து நின்றாள். நிழல் அவன்மேல் விழாத பக்கமாகப் பார்த்து நின்றாள். எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

தட்டினாள்.

சிரட்டை நிரம்பியது. சரண் அதைக் கவிழ்த்தான்.

ஓங்கித் தட்டினாள்.

திறந்து கிடந்த கொட்டகையிலிருந்து குட்டிகள் ஓடிவந்தன. நான்கும்தான். மணல் குவியலைச் சுற்றிக்கொண்டு அவள் காலடிக்கு ஓடின.

அவை ஓடுவதைப் பார்த்துத்தான் சரண் திரும்பினான். அம்மாவைக் கண்டதும் சிரித்தான்.

அவனைக் கூப்பிட அவள் வாயைத் திறந்தாள்.

மூடிக்கொண்டாள்.

தட்டைக் கீழே வைத்துவிட்டு மணலில் மண்டியிட்டாள். அவனுக்கு நன்றாகத் தெரியும்படி இரண்டு கைகளையும் நீட்டி, வா என்று காட்டினாள்.