பக்கத்து அறைக் கூட்டம்

"அக்கா, நாலு நாற்காலி எடுத்துக்கவா? எங்க ரூம்ல நிக்கக்கூட இடமில்ல."

அவினேஷ் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கைக்கு இரண்டாகத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

"தாராளமா எடுத்துக்க, தம்பி!" என்று லிட்டியா சிரித்தாள். வயிறு மட்டும் எரிந்தது.

ஃபிஜித் தீவின் தலைநகர் சுவாவில், பல்கலைக்கழக நூலகத்தின் மாடியில் அடுத்தடுத்து இரண்டு அறைகள். செவ்வாய்க்கிழமை என்றால் இரண்டிலும் ஒரே நேரத்தில் ஒரே பயிற்சி வகுப்பு. ஆராய்ச்சி மாணவர்கள் திரட்டிய தகவல்களைக் கணினியில் ஏற்றி, பிழை நீக்கி, கணக்குப் பார்த்து, வரைபடமாகப் போடக் கற்றுத்தருவார்கள். ஒரே நாளில் முடிகிற பாடம். அடுத்த வாரம் அதே பாடம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். எந்த அறைக்குப் போவது என்பது மாணவர்கள் இஷ்டம்.

அந்த இஷ்டம்தான் லிட்டியாவின் தூக்கத்தைக் கெடுத்தது. அவள் பல வருடமாக நடத்துகிறாள். அவன் நேற்று வந்தவன். அவள் அறையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில தலைகள். அவன் அறையிலோ எள் விழ இடமில்லை. இருவருமே ஒப்பந்த ஊழியர்கள். வருடக் கடைசியில் ஒருவருக்குத்தான் நிரந்தர வேலை. மற்றவர் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"அவன் பாட்டெல்லாம் போடுறானாம்டி," என்று கவுண்டரில் இருந்த செரெய்மா எண்ணெய் ஊற்றினாள். "சிரிப்புச் சத்தம் கீழ வரைக்கும் கேக்குது. உன் ரூம்ல ஈ பறந்தாக்கூட நின்னு கேக்கலாம்."

"பாடம் நடத்துறானா, கல்யாண வீடு நடத்துறானா?"

"எதுவா இருந்தா என்ன? கூட்டம் இருக்கே! வேலை யாருக்குன்னு முடிவு பண்ற ராய்ஜியேலி மேடம் வாரா வாரம் கண்ணாடி வழியா எட்டிப் பாத்துட்டுத்தான் போறாங்க."

அன்று மாலை சந்தையில் தாரோக் கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் ஓடிவந்து லிட்டியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். போன மாதம் வகுப்புக்கு வந்தவள்.

"அக்கா, உங்ககிட்ட ஒரே ஒரு நாள் உக்காந்தேன். என் நண்டு ஆராய்ச்சிக் கணக்கு மொத்தமும் முடிஞ்சிடுச்சு!"

'வாயால பாராட்டு, காலால நடந்து வர முடியாதா? நன்றி கெட்டது' என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே, "சந்தோஷம்மா" என்றாள் லிட்டியா.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாட்டுக் குழுவின் இளசுகள் வரிசையாக நின்று பாடின. எல்லாம் அதே பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள். அவளுக்குப் பொறி தட்டியது. பிரார்த்தனை முடிந்ததும் சித்தி மகன் சேருவைத் தனியே இழுத்துக்கொண்டு போனாள்.

"உன் பாட்டுக் குழுவோட செவ்வாய்க்கிழமை என் வகுப்புக்கு வந்துடு."

"எனக்குக் கணக்குன்னாலே காய்ச்சல் வரும்க்கா!"

"உன்னை யாருடா கணக்குப் போடச் சொன்னா? வாசல்ல வருகைப் பதிவுக்கு உன் மாணவர் அட்டையத் தேய்ச்சிட்டு வந்து உக்காரு. நான் பேசுறப்போ தலைய ஆட்டு, போதும்."

"சும்மா எப்படித் தலை ஆடும்?"

"தேங்காய்ப்பால் மீனும் மரவள்ளிக்கிழங்கும் போடுறேன்."

"ஒரு வாரம் மட்டுமா?"

"வாரா வாரம் வாங்கடா. வேலைய எனக்கு நிரந்தரமாக்குற வரைக்கும்."

வந்தார்கள். அவள் அறை நிரம்பியது. குழுவில் அடித்தொண்டையில் பாடுகிறவர்கள் பின்வரிசையில் கொட்டாவி விட்டாலும் கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியவா போகிறது? அடுத்தடுத்த செவ்வாய்களிலும் அதே பட்டாளம் வந்தது. மேடம் கண்ணாடியருகே வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றதை லிட்டியா ஓரக்கண்ணால் பார்த்துப் பூரித்தாள். மூன்றாவது வாரம், என்ன ஆச்சரியம், அவினேஷின் அறையில் பாதி காலியாகக் கிடந்தது! இவள் போய் நாற்காலி எடுத்து வந்தாள்.

"என்னக்கா மந்திரம் போட்டீங்க?" என்றான் அவன்.

"மந்திரமும் இல்ல, மாயமும் இல்ல. பாடம் நடத்தத் தெரியணும், தம்பி."

சொல்லி முடித்தபோது அவளுக்குப் பல மாத எரிச்சல் அடங்கியது போலிருந்தது.

மறுநாள் ராய்ஜியேலி மேடம் கூப்பிட்டனுப்பினார். செரெய்மா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். லிட்டியா காதோரம் செருகியிருந்த செம்பருத்தியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள்.

"உக்காருங்க லிட்டியா. உங்க வகுப்புல இப்போ நல்ல கூட்டம் போல."

"ஆமா மேடம். சமாளிக்கவே முடியல. வந்தவங்களே திரும்பத் திரும்ப வர்றாங்கன்னா பாத்துக்குங்களேன்!"

"வருகைப் பதிவுல பாத்தேன். அதான் மனசு கஷ்டமா இருக்கு."

"கஷ்டமா?"

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நிரந்தர வேலைக்குப் போன மாசமே உங்க பேரைத்தான் எழுதி வெச்சிருந்தேன். உங்ககிட்ட ஒரு நாள் உக்காந்தவங்களுக்கு மறுபடி வர வேண்டிய அவசியமே இல்லாம இருந்துச்சு. அவினேஷ்கிட்டதான் புரியாம அதே பாடத்துக்கு அதே பிள்ளைங்க வாரா வாரம் வந்து நின்னாங்க. இப்போ அவன் நல்லா நடத்தக் கத்துக்கிட்டான், கூட்டம் குறைஞ்சிடுச்சு. உங்க வகுப்புலதான் ஒருத்தருக்கும் எதுவும் புரியலன்னு தெரியுது, அதனால வேலைய அவனுக்கே போட்டுட்டேன்."