உருக்காலைக் கழிவு

உருக்காலையின் தேனாம்பேட்டை அலுவலகப் படிக்கட்டு முழுக்க இரும்புக் கம்பிக் கட்டுகள். கட்டட வேலை நடக்கிறது போலிருக்கிறது என்று நினைத்தபடி, பேன்ட்டைக் கிழித்துக்கொள்ளாமல் ஒருவழியாக மாடி ஏறினான் ஹம்மாத். இந்த ஆர்டரும் கைநழுவினால், ஆலைக் கழிவைப் பயனாக்கித் தரும் அவன் கம்பெனி அவனை வீட்டுக்கு அனுப்பிவிடும்.

உருக்காலை முதலாளி சண்முகவேல் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, எங்க ஆலைக் கழிவை நீங்கதான் எப்படியாவது ஒழிச்சுக் கட்டணும். அக்கம்பக்கத்துல சண்டைக்கு வாராங்க."

"கவலையை விடுங்க சார்!" ஹம்மாத் லேப்டாப்பைத் திறந்தான். "இரும்பை உருக்குறப்ப உலையிலேருந்து வாயு வீணாப் போகுதில்ல? அதைப் பிடிச்சு எரிச்சு, டர்பைனைச் சுத்தவிட்டு, கரண்ட் எடுத்துடலாம்."

"அதான் மூணு வருஷமா எடுக்கோமே!" சண்முகவேல் சலித்துக்கொண்டார். "கரண்டுல நல்ல லாபம். சேல்ஸ் ஆளுங்க அத்தனை பேரையும் அதை விக்கவே மாத்தியாச்சு. வாயு பத்தலைன்னு ராப்பகலா உலையை ஓட்டுதோம்."

ஹம்மாத் லேப்டாப்பைப் பாதி மூடினான். "அப்ப கழிவுன்னு எதை சார் சொல்றீங்க?"

"படியேறி வரும்போது பாக்கலையா? வாயு எடுக்க எடுக்க அந்த எழவும் கூடவே வருதே! ஆலையில இடமில்லாம இங்க வந்து அடைஞ்சு கெடக்கு."

வாடிய முகத்தோடு இறங்கி வந்தவனை வாட்ச்மேன் வாசலில் மறித்து, பையைத் திறந்து சோதனை போட்டார்.

"இன்னா சார், வெறும் பையோட போறே? ரெண்டு கம்பியாவது எடுத்துக்கினு போனாத்தான் கேட்டைத் தொறக்கணும்னு மொதலாளி சொல்லிக்கீறாரு!"