மஞ்சள் கடுதாசி கொடுத்த வீடு

"அந்தக் கடைசி இழுப்பறையையும் கொஞ்சம் திறங்கம்மா" என்று அதிகாரி சொன்னதுதான் தாமதம், சாவிக்காரரின் மனைவி சட்டென்று சால்வையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள்.

அதிகாரி அதைக் கவனித்துவிட்டார். கவனிப்பதற்குத்தானே கோர்ட் அவரை அனுப்பியிருக்கிறது. "கழுத்துல என்னம்மா?"

"என்ன இருக்கும்? நல்லாப் பாத்துக்குங்க!" என்று சால்வையை உதறினாள். வெறுங்கழுத்து. "இருந்த ஒரு செயினும் கடனுக்குப் போயிடுச்சு. வேத்து மனுஷங்க முன்னாடி மொட்டைக் கழுத்தோட நிக்கக் கூச்சமா இருக்கு, போதுமா?"

அதிகாரியின் முகம் சுருங்கிப்போனது. இழுப்பறையைத் திறக்காமலே விட்டுவிட்டார். "தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. துணிமணி, படுக்கை, அடுப்பு, பாத்திரம் இதெல்லாம் உங்களோடது. நான் தொட மாட்டேன்."

எதிர்வீட்டு அம்மாள் தன் ஜன்னலில் முக்கால் உடம்பைத் தொங்கவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அதிகாரி எழுந்துபோய் இந்தப் பக்கத்து ஜன்னலை அறைந்து சாத்தினார். "இது உங்க வீட்டு விஷயம். ஊருக்கு எதுக்கு?"

நல்ல மனுஷன்தான். அதுதான் சாவிக்காரருக்குச் சங்கடம். கெட்டவனிடம் பொய் சொல்லிவிடலாம். இவரிடம் எப்படிச் சொல்வது?

தெருமுனையில் ஒரு மெஷினை வைத்து, தொலைந்த சாவிக்கெல்லாம் மாற்றுச் சாவி வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தவரைப் பூட்டும் இரும்புப் பெட்டியும் விற்கும் பெரிய கடை ஆசை பிடித்து ஆட்டியது. மனைவியின் தம்பி, வேன் ஓட்டும் மச்சான், ஜாமீன் கையெழுத்துப் போட, கடன் கிடைத்தது, கடை வந்தது, வந்த வேகத்தில் படுத்தும்விட்டது. வேறு வழியில்லாமல், கடனை அடைக்கத் தன்னால் முடியாது என்று கோர்ட்டில் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்.

போனதெல்லாம் போகட்டும், அந்தச் சாவி மெஷின் மட்டும் போகக் கூடாது. அது இருந்தால் எந்தத் தெருமுனையிலாவது உட்கார்ந்து பிழைத்துக்கொள்ளலாம். அதனால் நேற்றே அதைப் போர்வையில் சுற்றி மச்சான் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டார். "இதெல்லாம் கேக்கணுமா மாமா? உள்ள வைங்க" என்றான் அவன்.

"சார், உங்க தொழில் என்ன?" என்று அதிகாரி கேட்டார்.

"சாவி வெட்றதுங்க."

"மெஷின் எங்க?"

மனைவி கட்டில் காலையே முறைத்துக்கொண்டிருந்தாள். மறைத்தது தெரிந்தால் மனுவைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். கடன்காரர்கள் மறுபடி வாசலில் வந்து கத்துவார்கள்.

"அது... ரிப்பேராயிடுச்சு சார். பழைய இரும்புக்குப் போட்டுட்டேன்."

"அடடா!" அதிகாரி நிஜமாகவே வருத்தப்பட்டார். "இருந்திருந்தா உங்களுக்கே விட்டிருப்பேனே! ஒருத்தர் எதை வச்சுப் பிழைக்கிறாரோ, அந்தச் சாமானை நாங்க எடுக்கவே முடியாது. அவருக்கு அது தொழில். மத்தவங்ககிட்ட இருந்தாத்தான் அது ஏலத்துக்கு வரும்."

சாவிக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் பார்த்த பார்வையில் பச்சை மரம் பற்றியிருக்கும்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அதிகாரி திரும்பினார். "ஏதாவது சொல்ல விட்டுப்போயிருந்தா சாயங்காலத்துக்குள்ள ஆபீசுக்கு வந்து சொல்லுங்க. திருத்திக்கலாம்." எதையோ மோப்பம் பிடித்தவர் மாதிரிதான் இருந்தது.

அவர் தெருமுனை திரும்பியதும் அவள் ஆரம்பித்துவிட்டாள். "ஊருக்கெல்லாம் பூட்டு விக்கிற மனுஷன், வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? ஒளிச்சு வைக்கிறாராம், ஒளிச்சு!"

"நீதானடி போர்வையை எடுத்துக் குடுத்தே!"

"குளிருதுன்னு கேட்டீங்கன்னு நினைச்சேன்! நடங்க, நடங்க. மெஷினைத் தூக்கிட்டு நேரா ஆபீசுக்கே போயிடலாம். கால்ல விழுந்தாவது மன்னிப்புக் கேளுங்க."

இருவரும் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். சாவிக்காரருக்குப் பாதி உயிர் திரும்பி வந்திருந்தது. தெருமுனையில் எங்கே உட்காரலாம், பள்ளிக்கூடத்துப் பக்கமா, பஸ் நிறுத்தமா என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

மச்சான் வீட்டு வாசலில் வேன் நின்றது. கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே மச்சான் தரையில் உட்கார்ந்திருந்தான். நடுக்கூடத்தில் சாவி மெஷின். போர்வை ஒரு பக்கம் கிடக்க, மெஷினின் மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சீல் வைத்த பட்டை.

"என்னடா இது?" என்று அலறினாள் அக்கா.

"காலைல இங்கயும் கோர்ட்டு ஆளுங்க வந்துட்டுப் போனாங்கக்கா." அவன் தலையை நிமிர்த்தவில்லை. "மாமா கடனுக்கு ஜாமீன் போட்டவன்னு எல்லாரும் என் கழுத்தைப் பிடிச்சாங்க. நானும் மஞ்சக் கடுதாசி குடுத்துட்டேன். உனக்குத் தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவேன்னு சொல்லலை. வேன் உன் தொழில், வச்சுக்கோன்னு விட்டுட்டாங்க. சாவி மெஷின் உனக்கெதுக்குன்னு ஏலத்துக்கு எழுதிட்டாங்க."

"அது என்னோடதுன்னு சொல்ல வேண்டியதுதானே மச்சான்?" சாவிக்காரர் குனிந்து சீல் பட்டையைத் தடவிப் பார்த்தார்.

"நீங்க ஒளிச்சு வச்சது தெரிஞ்சா உங்களைப் பிடிச்சு உள்ள போட்டுடுவாங்களேன்னு பயந்துட்டேன் மாமா..."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"என்னுதுன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."