பொட்டளவு

எங்கள் கிளப்பில் இருந்தது ஒரே துப்பாக்கி. மாநிலப் போட்டிக்குப் போகப்போவதும் ஒருத்திதான். அதற்கான தேர்வுப் போட்டியில் முதலில் சுட்ட தேன்மொழியின் குறி அட்டையில் நடுவட்டமே கிழிந்திருந்தது. துப்பாக்கியை என்னிடம் நீட்டும்போது, "குறி பார்க்குற சைட்டெல்லாம் உனக்காகச் சரியாத் திருகி வச்சிருக்கேன்டி. நீ எதையும் தொடாத," என்றாள்.

எனக்கு முதல் போட்டி. கணக்கில் சேராத பழகு குண்டுகளைக்கூட வேண்டாமென்றுவிட்டு, நடுவட்டத்தையே பார்த்துப் பத்து முறை சுட்டேன்.

என் அட்டை வந்தது. நடுவில் ஒன்றுகூட இல்லை. இடது ஓரத்தில், தேன்மொழியின் நெற்றிப் பொட்டை எடுத்து ஒட்டினால் மறைந்துவிடும் அளவுக்கு, பத்துத் துளைகளும் ஒரே இடத்தில் நெருக்கியடித்திருந்தன.

அட்டையை அவள் வாங்கிப் பார்க்கவில்லை. என் தோளில் கை வைத்து, "முதல் போட்டின்னா கை நடுங்கத்தான்டி செய்யும்," என்றாள்.