பென்சில் படாத படம்

"சரிங்க, பொண்ண வரச் சொல்லுங்க" என்றார்கள் நெல்லிக்குப்பத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள்.

பெண் மலர்க்கொடி காபித் தட்டோடு அவர்கள் எதிரில்தான் நின்றிருந்தாள். அவளை அக்கா என்று நினைத்துவிட்டார்களாம். கையிலிருந்த போட்டோவை ஒரு தடவை பார்த்தார்கள், அவளை ஒரு தடவை பார்த்தார்கள். அப்புறம் சொஜ்ஜியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, கடுதாசி போடுகிறோம் என்று பஸ் ஏறினார்கள். அந்தக் கடுதாசி இன்றுவரை வந்து சேரவில்லை.

அறுபத்து மூன்றாம் வருஷம் தை மாசத்திலிருந்து இது மூன்றாவது கூத்து. பன்னிரண்டு வயதில் வந்த அம்மை மலர்க்கொடியின் முகம் பூரா தழும்பை அள்ளித் தெளித்துவிட்டுப் போயிருந்தது. சிதம்பரம் கீழவீதி ஸ்டுடியோ தட்சிணாமூர்த்தி விடுவாரா? நெகடிவை வெளிச்சத்தில் வைத்து, கூர்பென்சிலால் தொட்டுத் தொட்டு அத்தனையையும் மறைத்து, வழவழவென்று ஒரு முகத்தைக் கொடுத்துவிடுவார். தென்னாற்காடு ஜில்லாவில் பாதிக் கல்யாணம் தன் பென்சிலால்தான் நடந்தது என்பார். மீதிப் பாதி எதனால் நின்றது என்று யாரும் அவரைக் கேட்டதில்லை.

மலர்க்கொடிக்குப் போட்டோவில் இருந்த அந்த வழவழ முகத்துக்காரி மேல் தீராத பொறாமை. வருகிறவர்கள் எல்லாரும் அவளைத்தானே தேடுகிறார்கள்! வாசலைத் தாண்டினால் மலர்க்கொடி முந்தானையால் கன்னத்தை மூடிக்கொள்வாள். ஸ்டுடியோவுக்கும் அப்படியேதான் வந்திருந்தாள்.

இப்போது கடலூரிலிருந்து நாலாவது வரன். சாயங்காலத் தபாலில் போட்டோ போயாக வேண்டும். நேற்றே படம் எடுத்தாகிவிட்டது, பென்சில் வேலைதான் பாக்கி. கூட வந்த அத்தை அமராவதி, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்கிற மாதிரி, போன தடவையை விட ஜாஸ்தியாகவே போடச் சொன்னாள். தட்சிணாமூர்த்தி பென்சில் எடுக்க உள்ளே போனார்.

மலர்க்கொடி சுற்றிலும் பார்த்தாள். சுவரில் தொங்கிய மணப்பெண்கள் எல்லாரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் மட்டும் வேறொரு முகம். அவளுக்கு இருப்பதை விட ஆழமான தழும்புகள். முன்பல் ஒன்று வெளியே எட்டிப் பார்த்தது. அந்தப் பொம்பளை எதைப் பற்றியும் கவலைப்படாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க மலர்க்கொடிக்கும் சிரிப்பு வந்தது. அந்த முகத்தில் தழும்பு இருந்ததே கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று.

அவர் திரும்பி வந்ததும் கேட்டாள்.

"இதுக்கு இன்னும் பென்சில் போடலீங்களா?"

தட்சிணாமூர்த்தி திருதிருவென்று முழித்தார். "அது... எங்க வீட்ல. ரத்தினம்மாள்."

"அவுங்க வேணாம்னுட்டாங்களா?"

"அவ போடச் சொல்லித் தெனம் உசுர வாங்கறா. நாந்தான் போடல." பென்சிலை விரலுக்குள் உருட்டினார். "மத்ததெல்லாம் ஊருக்குக் காட்டற படம்மா. இது நான் பாக்கறதுக்கு வச்சிருக்கற படம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

மலர்க்கொடி அவர் கையிலிருந்த பென்சிலை வாங்கி மேஜை மேல் வைத்தாள்.

"அப்ப என்னோடதையும் பாக்கற படமாவே போட்டுக் குடுங்க. கடலூருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு."

அத்தை குறுக்கே வந்தாள். "அடியே, அதப் பாத்துட்டு அவுங்க வராமலே இருந்துட்டா?"

மலர்க்கொடி கன்னத்திலிருந்த முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சொஜ்ஜி மிச்சம், அத்தை."